34 வயது ரிசீவரை விடுவித்த முடிவு: கரோலைனா பேந்தர்ஸ், 2014 மார்ச் – நிகழ்வு ஆய்வு

## நிகழ்வு

என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகில் 13 சீசன் ஒரே அணிக்கு ஆடிய வைட் ரிசீவர் (ஓடிச்சென்று, எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) ஒருவரை, கரோலைனா பேந்தர்ஸ் அணி 2014 மார்ச் 13 அன்று விடுவித்தது. அவருக்கு 35 வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. பந்தைப் பிடித்த எண்ணிக்கை, பிடித்து எடுத்த யார்டு (முன்னேறிய தூரம்), பிடித்து அடித்த டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) என அணியின் மூன்று சாதனைகளும் அவர் வசம் இருந்தன: 836 கேட்ச், 12,197 யார்டு, 67 டச்டவுன். மறுநாளே பால்டிமோர் ரேவன்ஸ் அவரை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்குச் சராசரி 4 மில்லியன் டாலருக்கும் குறைவு.

வயதான ரிசீவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்ற வாதம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஏதாவது ஓர் அணியில் எழும். பெரும்பாலும் ஒரு பக்கத்தின் விளைவு மட்டுமே தெளிவாகத் தெரியும். இந்த நிகழ்வில் அனுப்பிய அணி, எடுத்த அணி, வீரர் என மூவரின் கணக்கும் முடிந்துவிட்டது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம். நிகழ்வில் நேரடியாகத் தொடர்புடையவர்கள் பொறுப்பால் மட்டும் குறிக்கப்படுகிறார்கள். ஒப்பீட்டுக்கு வரும் பிற வீரர்களுக்கு மட்டும் பெயர் உண்டு.

## பின்னணி

2001 டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்றாம் சுற்றில் வந்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம்; இந்த இடத்தில் ஆடுபவருக்கு அது குறைவு. 2004 சீசனின் முதல் ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து அந்த ஆண்டு முழுவதும் போனது. 2005-இல் திரும்பி வந்து 103 கேட்ச், 1,563 யார்டு, 12 டச்டவுன் எடுத்து, மூன்றிலும் லீகின் முதலிடத்தில் நின்றார்.

அவருடைய ஆட்டம் உயரத்தை நம்பியதல்ல. எதிரணித் தடுப்பாளர் முதல் 5 யார்டுக்குள் கைவைத்துத் தள்ள விதி அனுமதிக்கிறது. அந்த 5 யார்டை உடைத்து வெளியேறும் வலு, ஓட்டப் பாதையில் திரும்பும் இடத்தில் சட்டென நிற்கும் திறன், பிடித்த பிறகு மோதி முன்னேறும் பிடிவாதம் ஆகிய மூன்றும்தான் அவருடைய மூலதனம். இவை எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நேர்கோட்டு உச்ச வேகம் முதலில் போகும். கைவேலையும் பாதையை வெட்டும் நுணுக்கமும் கடைசிவரை நிற்கும். வயதான ரிசீவரை மதிப்பிடும்போது இவற்றைத் தனித்தனியே பார்க்காமல் “வேகம் குறைந்துவிட்டது” என்று மொத்தமாகச் சொன்னால் மதிப்பீடு தவறிவிடும்.

இன்னொரு முன்நிகழ்வும் உண்டு. அப்போதே அதை இன்னும் கவனமாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். 2010-இல், 31 வயதில், அவர் 14 ஆட்டங்களில் 46 கேட்ச், 554 யார்டு, 2 டச்டவுன் மட்டுமே எடுத்தார். அவர் முடிந்துவிட்டார் என்று சொல்ல அந்த எண்களே போதும். ஆனால் அந்த ஆண்டு அணி 2 வெற்றி, 14 தோல்வி. பந்தை எறிய நிலையான குவாட்டர்பேக் இல்லை. அடுத்த ஆண்டு டிராஃப்டின் முதல் தேர்வாக இளம் குவாட்டர்பேக் வந்ததும், அதே ரிசீவர் 79 கேட்ச்சில் 1,394 யார்டு எடுத்தார். ஆக, இதே வீரரின் எண்கள் ஒருமுறை பொய் எச்சரிக்கை கொடுத்திருக்கின்றன.

## 2013 சீசனில் காணப்பட்டவை

அணிக்கு அது நல்ல ஆண்டு: 12 வெற்றி, 4 தோல்வி. ரிசீவருக்கு 15 ஆட்டங்களில் 64 கேட்ச், 745 யார்டு, 4 டச்டவுன். ஒரு கேட்ச்சுக்கான சராசரி 2011-இல் 17.6 யார்டு, 2012-இல் 16.1, 2013-இல் 11.6.

இந்தச் சரிவில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அணியுடையது என்று பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. குவாட்டர்பேக் எறிந்த மொத்த யார்டில் ரிசீவரின் பங்கு என்ன என்று பார்ப்பதே அது. 2011-இல் குவாட்டர்பேக் 4,051 யார்டு எறிந்தார். ரிசீவரின் பங்கு 34 சதவீதம். 2012-இல் 3,869-க்கு 30 சதவீதம். 2013-இல் 3,379-க்கு 22 சதவீதம். அணி குறைவாக எறிந்தது உண்மைதான், ஆனால் அது சரிவின் ஒரு பகுதியைத்தான் விளக்குகிறது. குறைந்துபோன மொத்தத்திலும் அவர் பங்கு சுருங்கிவிட்டது. 2010-இன் சரிவும் இதுவும் ஒன்றல்ல. அணி நிர்வாகம் கவலைப்பட்டதற்கு நியாயமான அடிப்படை இருந்தது என்றே நாங்கள் கருதுகிறோம்.

பங்கு சுருங்கியதற்கும் இரு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, அவரால் இடைவெளி உண்டாக்க முடியவில்லை. மற்றொன்று, வேலை பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று எதிரணியை மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) 73 கேட்ச்சில் 816 யார்டு எடுத்து முதலிடம் பிடித்தார். இரண்டாவது ரிசீவர் 627 யார்டு. மூன்றாவது ரிசீவர் 36 கேட்ச்சில் 556, அதாவது கேட்ச்சுக்கு 15 யார்டுக்கு மேல். நீண்ட பந்துகள் அவருக்குப் போயின. நம் ரிசீவருக்கு எஞ்சியது நடு மற்றும் குறுந்தூரப் பாதைகள். அப்படிப்பட்ட வேலையில் சராசரி குறைவது இயல்பு.

இந்த இரண்டில் எது என்று எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆட்டப் பதிவைத்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை இவை: ஒருவருக்கு ஒருவர் தடுப்பில், வரிசையிலிருந்து கிளம்பும்போது முதல் அடியிலேயே தடுப்பாளரின் கையைத் தட்டிவிடுகிறாரா, 12 முதல் 15 யார்டு ஓடித் திரும்பும் பாதைகளில் நிற்க எத்தனை அடி எடுக்கிறார் (ஓர் அடி கூடினாலே தடுப்பாளர் வந்துவிடுவார்), பந்து வராத ஓட்டங்களிலும் அவர் காலியாக நிற்கிறாரா. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலியாக நின்றும் பந்து வரவில்லையென்றால் அது குவாட்டர்பேக்கின் பார்வை பற்றிய செய்தி, ரிசீவரின் கால் பற்றியதல்ல.

டிசம்பர் 22 அன்று நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் சுளுக்கு. அடுத்த ஆட்டம் ஆடவில்லை. சரியாக மூன்று வாரம் கழித்து, ஜனவரி 12 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கி, 4 கேட்ச்சில் 74 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். பேந்தர்ஸ் 23-10 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமான சாட்சி. 49-அர்ஸின் அன்குவான் போல்டின், 33 வயது, 8 கேட்ச்சில் 136 யார்டு எடுத்துப் பேந்தர்ஸின் தடுப்பைக் குலைத்தார். பத்து மாதங்களுக்கு முன்பு, சூப்பர் பவுல் எனும் லீகின் இறுதிப் போட்டியை வென்ற கையோடு, 2 மில்லியன் டாலர் சம்பளக் குறைப்புக்கு அவர் மறுத்ததால், ரேவன்ஸ் அவரை டிராஃப்டின் ஆறாம் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றுக்குக் கைமாற்றியிருந்தது. 2013-இல் அவர் 49-அர்ஸுக்கு 1,179 யார்டு எடுத்தார். ரேவன்ஸ் 8-8 என்று சரிந்தது. அதே ரேவன்ஸ்தான் 2014 மார்ச்சில் பேந்தர்ஸின் கதவருகே காத்திருந்தது.

## முடிவும் அதன் காரணங்களும்

பிப்ரவரி இறுதியிலிருந்தே பொது மேலாளர், ரிசீவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்று பொதுவெளியில் உறுதி சொல்லவில்லை. முடிவு வந்தது மார்ச் 13 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 11-இல், சுதந்திர வீரர் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) சந்தை திறந்திருந்தது. முடிவை உந்திய காரணங்களாக நமக்குத் தெரிவது நான்கு.

முதலாவது பணம். 2014-இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 133 மில்லியன் டாலர். தடுப்பு வரிசையின் முக்கிய வீரர் ஒருவரைத் தக்கவைக்க மட்டும் 13.1 மில்லியன் ஒதுக்கப்பட்டிருந்தது. குவாட்டர்பேக்கின் பெரிய ஒப்பந்தமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வீரரை விடுவித்தால் அவர் சம்பளம் முழுக்க மிச்சமாகிவிடும் என்று நினைப்பது தவறு. கையெழுத்துத் தொகையை (ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கொடுக்கும் பணம்) ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்துதான் உச்சவரம்பில் எழுதுவார்கள். இடையில் விடுவித்தால் மிச்சப் பகுதி முழுவதும் அந்த ஆண்டே வந்து விழும். உதாரணக் கணக்கு: மூன்று ஆண்டு ஒப்பந்தம், 9 மில்லியன் கையெழுத்துத் தொகை, இரண்டாம் ஆண்டுச் சம்பளம் 4 மில்லியன். வைத்துக்கொண்டால் அந்த ஆண்டுக் கணக்கு 3+4, அதாவது 7. விடுவித்தால் எஞ்சிய 6 மில்லியனும் உடனே ஏறும். மிச்சம் வெறும் 1 மில்லியன். ஜூன் 1-க்குப் பிந்திய விடுவிப்பாகக் குறித்தால் 3 இந்த ஆண்டு, 3 அடுத்த ஆண்டு என்று தள்ளலாம்; ஆனால் மிச்சமாகும் 4 மில்லியன் ஜூனுக்குப் பிறகுதான் கைக்கு வரும், அப்போது சந்தையில் நல்ல ரிசீவர்கள் தீர்ந்திருப்பார்கள். அந்த மிச்சத்திலிருந்தே மாற்று வீரருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். பேந்தர்ஸ் விஷயத்திலும் அந்த ஆண்டு கிடைத்த மிச்சம் பெரிதல்ல. ஆகவே பணம் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது, டிராஃப்ட். 2014-இல் ரிசீவர்கள் நிறையவே இருந்தார்கள். முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் சுற்றுப் புதியவரை நான்கு ஆண்டுக்குக் குறைந்த விலையில் வைத்துக்கொள்ளலாம். இது நல்ல கணிப்பு.

மூன்றாவது, குவாட்டர்பேக்கின் இயல்பு. அவர் பந்து பல வேளைகளில் உயரமாகப் போகும். 5 அடி 9 அங்குல ரிசீவரைவிட உயரமான இலக்கு அவருக்குப் பொருந்தும்.

நான்காவது, உடைமாற்றும் அறை. ரிசீவர் சுபாவத்தில் கனல். 2008 பயிற்சி முகாமில் சக வீரருடன் கைகலப்பு நடந்து, அணியே அவரை இரண்டு ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது. இளம் குவாட்டர்பேக்கின் அணியாக இது மாற, பழைய தலைமை விலக வேண்டும் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. இது அளக்க முடியாத காரணம். அதனாலேயே மற்ற மூன்றின் மேலும் இதன் எடை தெரியாமல் ஏறிவிடும்.

## தொடர்ந்து நடந்தவை

முடிவு ஒரு வீரரோடு நிற்கவில்லை. அதே வாரங்களில் இரண்டாவது ரிசீவர் நியூ இங்கிலாந்துக்கும், மூன்றாவது ரிசீவர் அரிசோனாவுக்கும், நான்காமவர் சிகாகோவுக்கும் போனார்கள். 2013-இல் பந்து பிடித்த முதல் நான்கு ரிசீவர்களும் இல்லை. டிராஃப்ட் மே 8 அன்றுதான். நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் அணிக்கு நிரூபிக்கப்பட்ட ரிசீவர் கையிருப்பே மிகக் குறைவு. சந்தையில் எஞ்சிய மூத்த வீரர்கள் சிலரைச் சேர்த்து இடத்தை நிரப்பினார்கள். 28-ஆம் தேர்வாக 6 அடி 5 அங்குல உயரப் புதியவர் வந்தார்.

புதியவர் ஏமாற்றவில்லை: 73 கேட்ச், 1,008 யார்டு, 9 டச்டவுன். டைட் எண்டும் அதே 1,008 யார்டு எடுத்தார். இவர்களுக்கு அடுத்து நின்ற மூத்த ரிசீவர் 580 யார்டு. மூத்தவர்களில் இன்னொருவர் சீசன் நடுவிலேயே விடுவிக்கப்பட்டார். அணி 12 ஆட்ட முடிவில் 3 வெற்றி, 8 தோல்வி, 1 சமன் என்று கிடந்து, கடைசி நான்கையும் வென்று 7-8-1 என்று பிரிவில் முதலிடம் பிடித்தது.

இந்தச் சரிவை ரிசீவரை அனுப்பியதன் தண்டனையாகப் பலர் படித்தார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. அணி அடித்த புள்ளிகள் 366-இலிருந்து 339 ஆகக் குறைந்தன, 27 குறைவு. கொடுத்த புள்ளிகள் 241-இலிருந்து 374 ஆக உயர்ந்தன, 133 அதிகம். வீழ்ந்தது தடுப்பு. 13.1 மில்லியன் ஒதுக்கப்பட்ட தடுப்பு வீரர் அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். ஒரு முடிவின் பலனை அணியின் வெற்றிக் கணக்கில் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ரேவன்ஸ் பக்கம்: முதல் ஆட்டத்திலேயே 80 யார்டு டச்டவுன். செப்டம்பர் 28 அன்று பேந்தர்ஸ் பால்டிமோருக்கு வந்தபோது 7 கேட்ச், 139 யார்டு, 2 டச்டவுன். ரேவன்ஸ் 38-10 என்று வென்றது. சீசன் முடிவில் 16 ஆட்டமும் ஆடி 79 கேட்ச், 1,065 யார்டு, 6 டச்டவுன். அங்கே குவாட்டர்பேக் எறிந்த 3,986 யார்டில் அவர் பங்கு 27 சதவீதம். 2013-இன் 22-ஐவிட மேல், 2012-இன் 30-ஐவிடக் கீழ். ஆக இரு வாதத்திலும் பாதி உண்மை: அவர் தேய்ந்திருந்தார், ஆனால் 2013 காட்டிய அளவுக்கு அல்ல. கூடவே, எதிர்ப்பக்கம் வேகமான இளம் ரிசீவர் ஒருவர் ஆழத் தடுப்பாளர்களை இழுத்துச் சென்றதால் நடுப்பகுதி அவருக்குத் திறந்து கிடந்தது. கரோலைனாவிலேயே இருந்திருந்தால் இதே 1,065 வந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

2015-இல் ஏழு ஆட்டங்களில் 670 யார்டு எடுத்த நிலையில், நவம்பர் 1 அன்று குதிகால் நாண் அறுந்தது. 37 வயதில், 2016-இல் திரும்பி வந்து 14 ஆட்டங்களில் 70 கேட்ச், 799 யார்டு எடுத்து ஓய்வு பெற்றார். விடுவிக்கப்பட்ட பிறகு மொத்தம் 37 ஆட்டம், 195 கேட்ச், 2,534 யார்டு, 14 டச்டவுன். செலவைப் பார்த்தால் ரேவன்ஸுக்கு இது மிக மலிவு.

பேந்தர்ஸ் 2015-இல் 15 வெற்றி, 1 தோல்வியுடன் சூப்பர் பவுல் வரை போனது. அந்த 1,008 யார்டுப் புதியவர் பயிற்சி முகாமிலேயே முழங்கால் காயத்தால் வெளியேறியிருந்தார். அவர் இடத்தில் 10 டச்டவுன் அடித்தவர், 2014-இல் போகவிட்டுத் திரும்ப அழைத்துவந்த அதே மூன்றாவது ரிசீவர்.

## மதிப்பீடு

விடுவித்த முடிவைத் தவறு என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. பங்குச் சரிவு உண்மை, டிராஃப்ட் கணிப்பு பலித்தது. தவறு முடிவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. “இவர் தேய்ந்துவிட்டாரா” என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் விவாதம் நின்றுவிட்டது போலத் தெரிகிறது. “செப்டம்பரில் இவர் இடத்தில் யார், என்ன விலைக்கு” என்ற கேள்வி அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். மற்ற மூன்று ரிசீவர்களின் ஒப்பந்தமும் முடியும் அதே மார்ச்சில், இவரையும் விடுவிப்பது வேறு கனமுள்ள முடிவு. அவர்களில் ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் இதே விடுவிப்பு சாதாரணமாகக் கடந்திருக்கும்.

வயதை மட்டும் வைத்து விதி செய்யவும் முடியாது. ஜெர்ரி ரைஸ் 49-அர்ஸை விட்டு 2001-இல், 38 வயதில், ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குப் போய் 1,139 யார்டும், அடுத்த ஆண்டு 1,211 யார்டும் எடுத்தார். ஆண்ட்ரே ஜான்சன் 2015-இல், 33 வயதில், ஹியூஸ்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் போய் 503 யார்டோடு நின்றார். ஐந்து வயது இளையவருக்குப் பாதியும் வரவில்லை.

## மறுமுறை செய்தால் மாற்ற வேண்டியவை

பங்குக் கணக்கை மூன்று ஆண்டுக்குப் போட்டு முதல் தாளாக வைக்க வேண்டும். பங்கு குறைந்திருந்தால் மட்டுமே ஆட்டப் பதிவுக்குப் போக வேண்டும். அங்கே பந்து வராத ஓட்டங்களையும் எண்ண வேண்டும். காயம் இருந்த வாரங்களைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும்.

பணத்தில், மிச்சத் தொகையிலிருந்து மாற்று வீரரின் சம்பளத்தைக் கழித்த பிறகு வரும் எண்ணையே மேசையில் வைக்க வேண்டும். அது ஓரிரு மில்லியன்தான் என்றால், பணத்தைக் காரணமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு உண்மையான காரணத்தைப் பேச வேண்டும்.

விடுவிப்பதற்கு முன்பு, சிறிய பங்குக்கான ஒப்பந்தத்தை எழுத்தில் முன்வைக்க வேண்டும்: உறுதியான தொகை குறைவு, களமிறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித் தொகை, மூன்றாம் டவுனிலும் (10 யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) நடுப்பகுதியிலும் மட்டும் வேலை. பெருமையுள்ள வீரர் மறுக்கலாம். அப்போது முடிவு அவருடையதாகவும் ஆகிறது.

உடைமாற்றும் அறைக் காரணம் உண்டென்றால், பயிற்சியாளர் அதை வீரரிடம் நேரில் சொல்ல வேண்டும். அவர் செய்தியிலிருந்து ஊகிக்கும்படி வாரக்கணக்கில் விடக் கூடாது. பிப்ரவரி இறுதிக்கும் மார்ச் 13-க்கும் இடையே போன நாட்கள் யாருக்கும் பயன்படவில்லை. சந்தை திறக்கும் மார்ச் 11-க்கு முன்பே விடுவித்திருந்தால் அவருக்கு அணிகளைத் தேட நேரம் கிடைத்திருக்கும். போகும் மற்ற மூவரில் யாரைத் தக்கவைப்பது என்று அணியும் அந்த நாட்களிலேயே முடிவு செய்திருக்கலாம்.